ஆடி மாதத்துச் சாம்பியன்

முத்தியால்பேட்டையில் போய் லூர்துபிரகாஷ் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாக்ஓவர் பிரகாஷ் என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே முகவாயால் வழி காட்டுவார். புதுச்சேரி மாநிலத்தின் அறுபத்துநான்கு கிலோ குத்துச்சண்டைச் சாம்பியன் அவன். அதுவும் தொடர்ந்து எட்டு வருடமாக. அந்த எட்டு வருடத்தில் சொந்த ஊரில் அவன் ஒரு குத்து விட்டதும் இல்லை, ஒரு குத்து வாங்கியதும் இல்லை. அந்த எடையில் அவனை விட்டால் மாநிலத்தில் வேறு ஆளே கிடையாது.

வருடா வருடம் நடப்பது இதுதான். கையுறையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு மேடை ஏறுவான். எதிர் மூலை காலியாக இருக்கும். எதிராளியை மைக்கில் கூப்பிடுவார்கள், இல்லாதவன் எங்கிருந்து வருவான்? மணி அடிக்கும். எதிராளி வராததால் வெற்றி, அதாவது வாக்ஓவர் என்று நடுவர் இவன் கையைப் பிடித்துத் தூக்குவார். சங்கச் செயலாளர் கலியபெருமாள் மெடலைக் கழுத்தில் மாட்டிவிட்டு, "எறங்குப்பா சீக்கிரம், அடுத்த வெயிட்டுக்காவது ஆள் இருக்கானான்னு பாக்கணும்" என்பார். கை தட்டுவதற்கு மண்டபத்து வாட்ச்மேன் இருப்பார். அவரும் பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்.

அந்த மெடலோடு தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவான். அங்கே அரியானாக்காரன், மணிப்பூர்க்காரன், பட்டாளத்துக்காரன் என்று ஒவ்வொருவனும் தேக்கு மரம் மாதிரி நிற்பான். தினமும் இன்னொரு மனிதனோடு மோதி வளர்ந்தவர்கள் அவர்கள். நம்மவன் மோதி வளர்ந்தது மணல் மூட்டையோடு. மூட்டை திருப்பி அடிக்காது. முதல் சண்டையிலேயே மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு ஊர் திரும்புவான். தெருவில் இரண்டு நாள் கேலி நடக்கும், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். அந்த மறதிதான் அவனுக்குக் கேலியைவிட வலித்தது.

அவன் பிழைப்பு கேஸ் சிலிண்டர் போடுவது. மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் தங்கும் கடற்கரைப் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் அவன்தான் போவான். போகிற இடத்தில் அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. வெளிநாட்டுக்காரர் யாரைக் கண்டாலும் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எந்த நாடு என்று கேட்பான். பிறகு இரண்டு கையையும் மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்காட்டி, உங்கள் ஊரில் இது எப்படி என்பான். சிலர் பயந்துபோய் கதவைச் சாத்தியதும் உண்டு. மற்றவர்கள் சொன்னதெல்லாம் அவன் மண்டையில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி, தங்கள் நாட்டு வீரன் சண்டை போடுகிற நாளில் தெருவில் நாய்கூடத் திரியாது என்றாள். கியூபா என்கிற சின்னத் தீவில் குத்துச்சண்டைக்காரன் போனால் பஸ்ஸையே நிறுத்தி ஏற்றிக்கொள்வார்களாம். அமெரிக்கக் கிழவர் ஒருவர், எங்கள் அப்பா காலத்தில் அதுதான் எல்லாம், இப்போது வேறு ஆட்டங்கள் வந்துவிட்டன என்று உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்திரேலியாக்காரனிடம் கேட்டபோது அவன் கிரிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டான். பிரகாஷ் பில்லைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

இந்த ஒப்பீட்டுக்கு எண்ணெய் ஊற்ற வருடத்துக்கு ஒருமுறை பிரான்சிலிருந்து ஜில்பேர் வருவார். பிரகாஷின் பெரியப்பா மகன். பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது ஜில்பேரின் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார். பிரகாஷின் அப்பா சூசை, கடலைத் தாண்டி என்ன கிடைக்கப்போகிறது என்று இருந்துவிட்டார். ஜில்பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலுக்கு மெடல்களை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசிவரை உறவினர் வீடுகளில் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

"எங்க துலூஸ்ல ரக்பிதான்டா சாமி" என்பார். "ஃபுட்பால் அப்புறம். ஆனா பாக்ஸிங் நைட்டு வச்சா ஹால் நெறஞ்சிடும். மதாம்ங்க எல்லாம் நல்ல கவுன் போட்டுக்கிட்டு வந்து முன்வரிசைல குந்தும். கிரிக்கெட்டுன்னா எம் புள்ளைக்கே வெட்டுக்கிளின்னுதான் தெரியும், பிரெஞ்சுல அதுக்கு அதான் பேரு." சொல்லிவிட்டு பிரகாஷின் தோளைத் தட்டுவார். "தப்பான நாட்டுல பொறந்துட்டடா நீ."

அவர் அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அது பிரகாஷுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். நாட்டை மாற்றிக்கொள்ள முடியுமா? ராத்திரி புரண்டு படுத்துக்கொண்டு, தன் அப்பா அன்றைக்கு வேறு மாதிரி யோசித்திருந்தால் என்று நினைப்பான். பிறகு செத்துப்போன அப்பாவைத் திட்டிவிட்டோமே என்று அழுகையாக வரும்.

2005ஆம் வருடம் விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய அரசு வேலை ஒன்றுக்கு அவன் முந்தைய வருடம் எழுதிப் போட்டிருந்தான். எட்டு மெடலைப் பார்த்ததும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான். எதிராளி இல்லாமல் வாங்கிய மெடல் செல்லாது, நடத்தியவர்களும் உள்ளூர்க்காரர்கள், ஒரு சண்டையாவது வெளியூர் நடுவர் முன்னால் போட்டு ஜெயித்திருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த டிசம்பரோடு அவனுக்கு வயது தாண்டிவிடும். ஆக இந்த ஆடியில் நடக்கிற போட்டிதான் கடைசி. மனைவி அஞ்சலி முன்பெல்லாம் வேலை என்ன ஆச்சு என்று நச்சரிப்பாள். சில மாதமாக அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவள் கேட்காமல் இருந்தது அவனுக்குப் பயமாக இருந்தது.

போட்டி ஏன் ஆடியில் என்றால், அதற்கும் காரணம் உண்டு. குத்துச்சண்டைக்கென்று ஊரில் அரங்கம் இல்லை. கல்யாண மண்டபத்தில்தான் கயிறு கட்டி மேடை போட வேண்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். ஆவணி பிறந்தால் கிட்டே போக முடியாது. மற்ற நாடுகளில் குத்துச்சண்டைக்காக மாளிகை மாதிரி அரங்கம் கட்டுகிறார்கள். இங்கே பெண் மாப்பிள்ளை இல்லாத மாதத்தில் ஓசி மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எதிராளிக்கு எங்கே போவது என்று அலைந்துகொண்டிருந்தபோது ஒருநாள் கானா நாட்டு மாணவன் ஒருவன் மாட்டினான், டாக்டருக்குப் படிக்கிறவன். வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தலைநகரத்தில் கடலோரமாக ஒரு மீனவப் பேட்டை இருக்கிறது, சின்னது, ஆனால் உலகச் சாம்பியன்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள் என்றான். படகு வலிக்கிற தோள் என்று தன் தோளைத் தட்டிக் காட்டினான். பிரகாஷ் பாதி சிலிண்டர்களை இறக்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கு மிதித்தான். அங்கே அரிகிருஷ்ணன் இருந்தான்.

அரிகிருஷ்ணனுக்கும் பிரகாஷுக்கும் இருந்த பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மணலில் ஓடினால் கால் உரமேறும் என்று பிரகாஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் வீராம்பட்டினம் போவான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்கூட பூசைக்குப் போகாமல் ஓடப் போனான். அன்றைக்குத்தான் சுனாமி வந்தது. எல்லோரும் ஓடுகிற திசையில் அவனும் ஓடினான். வலைக் குவியலுக்கு நடுவில் ஒரு சின்னக் கை தெரிந்தது. எப்படித் திரும்பினான், எப்படிப் பிடித்து இழுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கோயில் பக்கம் மேட்டில் அரிகிருஷ்ணன் மார்பில் அடித்துக்கொண்டு, "எம் பொண்ண குடு தாயே, முடி வளத்து உங் காலடில போடறேன்" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தக் கத்தலுக்கு நடுவே பிரகாஷ் வந்து, தோளில் இருந்த பிள்ளையை இறக்கி விட்டான். தேன்மொழி, ஐந்து வயது. வாயிலிருந்து உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு அழ ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அரிகிருஷ்ணன் தலையிலும் தாடையிலும் கத்தி வைக்கவில்லை. ஆடி ஐந்தாம் வெள்ளி, செங்கழுநீர் அம்மன் தேர் அன்றைக்குத்தான் எடுப்பான். பிரகாஷ் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை.

"நாலு ரவுண்டு நின்னா போதும் மச்சான். நான் பாத்து மெதுவாத்தான் அடிப்பேன். புள்ளிதான் முக்கியம்."

"மெதுவா அடிச்சா என்ன, பலமா அடிச்சா என்ன? நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லிடுவனா? படகுதான் போச்சு, ஒடம்பு இருக்குது."

இரண்டு பேரும் மாலை வேளையில் மணலில் பழகினார்கள். எடையும் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. தாடி நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்ததை பிரகாஷ் பார்க்காமல் இல்லை. தாடியோடு மேடை ஏறக் கூடாது என்கிற விதியும் அவனுக்குத் தெரியும். ஆனால் நம் ஊரில் சாமிக்கு விட்ட முடி என்றால் எந்த விதி குறுக்கே வந்திருக்கிறது? மாலை போட்ட போலீஸ்காரர் தாடியோடு டூட்டி பார்க்கிறார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வருகிற நடுவரும் தமிழர்தானே, அம்மன் தாடி என்றால் கும்பிட்டுவிட்டு ஏற்றிவிடுவார் என்று அவன் நினைத்தான். கலியபெருமாளும் அதையே சொன்னார். "நான் பாத்துக்கறேம்பா, அதெல்லாம் ஒரு மேட்டரா?"

வெளியூர் நடுவர்தான் வேண்டும் என்று கலியபெருமாளைப் பாடாய்ப் படுத்தி, சென்னையிலிருந்து வரவழைத்ததும் பிரகாஷேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்க்கும்போது, சென்னை நடுவர் அரிகிருஷ்ணனை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான மனிதர். குரல் உயரவே இல்லை.

"தாடி இருக்கே. எடுத்துட்டு வாங்க."

"சாமி தாடி சார்" என்றான் பிரகாஷ். "வர்ற வெள்ளிக்கெழம எடுத்துடுவாரு. சுனாமில பொண்ணு பொழச்சதுக்கு வேண்டுதல்."

நடுவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் சாமி இருக்கு தம்பி. ஆனா கியூபாக்காரன் வந்தாலும் தாடிய எடுக்கச் சொல்லித்தான் ஏத்துறோம். தையல் போடற மாதிரி காயம் பட்டா தாடிக்குள்ள தெரியாது. நாலு மணிக்குள்ள எடுத்துட்டு வந்தா ஃபைட் நடக்கும். இல்லைன்னா உங்களுக்கு வாக்ஓவர்."

கலியபெருமாள் கையைப் பிசைந்தார். சிரித்தார். டீ வரவழைத்தார். நடுவர் டீயைக் குடித்துவிட்டு அதையேதான் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்றால் ஆவணி பிறந்துவிடும், மண்டபம் கிடைக்காது. இந்த நாட்டில் குத்துச்சண்டையை ஒருத்தனாவது மதிக்கிறானா என்று எட்டு வருடமாகப் புலம்பியவன் பிரகாஷ். மதிக்கிற மனிதர் ஒருவர் கடைசியில் வந்தே விட்டார். அவர் காலில் விழலாமா, அவரை அடிக்கலாமா என்று பிரகாஷுக்குத் தெரியவில்லை.

மண்டபத்துக்கு எதிரே வடிவேலின் சலூன். அதன் வாசலில் வேப்ப மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். அரிகிருஷ்ணன் தாடியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கெழமன்னு நேந்துக்கிட்டேன் பிரகாசு. அஞ்சு நாளுதான் இருக்குது. வேற எது வேணாலும் கேளு."

"வேற என்ன கேக்கறது? இதான் கடைசி மச்சான். டிசம்பரோட என் வயசு முடிஞ்சுபோச்சு. காலத்துக்கும் சிலிண்டர் தூக்கிக்கிட்டே சாவணும்."

"புரியுது. ஆனா அவ கிட்ட சொல்லிட்டேனே."

பிரகாஷ் நடுத்தெருவில் அவன் காலில் விழுந்தான். அரிகிருஷ்ணன் பதறிப்போய்த் தூக்கினான். சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ, "டேய், வாக்ஓவர்டா" என்றார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பிரகாஷுக்குள் ஏதோ அறுந்தது. அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

"அன்னைக்கி உம் பொண்ண தூக்கியாந்தது யாரு மச்சான்? உங்க அம்மனா? நானா?"

சொன்ன மறு நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் வார்த்தை போய்விட்டது. அரிகிருஷ்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பிரகாஷ் பிழைத்திருப்பான். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான்.

"வா" என்று சொல்லிவிட்டு சலூனுக்குள் நுழைந்தான்.

வடிவேல் கத்தியை எடுத்தவர், நெற்றியில் குங்குமத்தையும் நெஞ்சுவரை இறங்கிய தாடியையும் பார்த்துவிட்டுக் கையை இறக்கிவிட்டார். "எந்த ஊருப்பா? வீராம்பட்டினமா? தேரு வெள்ளிக்கெழமதான?" அரிகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் கை வைக்க மாட்டேன் சாமி. புள்ள குட்டிக்காரன். கடைல எது வேணுமோ எடுத்துக்குங்க" என்று புது பிளேடை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கத்தரியால் வெட்டி, சோப்பு போட்டு, பிளேடை வைத்து இழுத்தது பிரகாஷின் கைதான். எட்டு வருடம் மூட்டையைக் குத்திக் காய்த்துப்போன கை. இன்னொருவன் முகத்தில் பிளேடு வைத்துப் பழகாத அது இரண்டு இடத்தில் கீறி ரத்தம் வந்தது. அரிகிருஷ்ணன் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒரு முடிகூடத் தரையில் விழாமல் வாங்கிக்கொண்டான். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் துண்டை முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "போலாமா?" என்றான். தாடிக்குள் இருந்த தாடை வெயில் படாமல் வெளுத்து, சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

மாலை நான்கு மணிக்குச் சண்டை. மண்டபத்து ஆபீஸ் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. என்றைக்கோ நடந்து முடிந்த கிரிக்கெட் மேட்ச் ஒன்றை மறுபடி போட்டிருந்தார்கள். முடிவு தெரிந்த அந்த ஆட்டத்தைப் பார்க்க வாட்ச்மேன், சமையல்காரர், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் என்று அறை நிறையக் கூட்டம். மேடைக்கு முன்னால் ஜில்பேர் மட்டும் தொப்பி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

மணி அடித்தது. வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்த ஊரில் எதிர் மூலையிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தான். எத்தனை வருடமாகப் பிரகாஷ் கனவு கண்ட நிமிடம் அது! ஆனால் தலைக்கவசத்துக்குக் கீழே அந்த வெளுத்த தாடை தெரிந்தது, தான் கீறிய இரண்டு கீறலோடு. பிரகாஷ் கையை நீட்டுவான், தாடைக்குப் பக்கத்தில் போனதும் கை சோர்ந்துவிடும். நெஞ்சில் இரண்டு, தோளில் ஒன்று என்று தட்டினான். முதல் சுற்று அப்படியே போனது. அரிகிருஷ்ணன் அடி வாங்கத் தயாராகக் கையைத் தாழ்த்திக்கொண்டே நின்றான்.

இரண்டாவது சுற்றில் நடுவர் இரண்டு பேரையும் எச்சரித்தார். ஒழுங்காகச் சண்டை போடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்றார். மறுபடி நெருங்கியபோது அரிகிருஷ்ணன் பிரகாஷின் காதோடு சொன்னான்.

"அடிடா. இதுக்குத்தான செரைச்ச? அடி."

முதன்முறையாக அவன் டா போட்டுப் பேசினான். பிரகாஷ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்து விட்டான். அது தாடையில் பட்டது. பட்ட இடத்தில் கீறல் திறந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவன் இரண்டு கையும் தானாகக் கீழே இறங்கிவிட்டன. அரிகிருஷ்ணனுக்கு அந்த நேரத்தில்தான் அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து வந்தது. அழுதுகொண்டே கையை வீசினான். என்ன முறை, என்ன பாணி, ஒன்றும் கிடையாது. அலை எதிர்க்கும்போது துடுப்பு போடுகிற வீச்சு. பிரகாஷ் விழுந்தான். நடுவர் எட்டு வரை எண்ணினார். எழுந்தான். அடுத்த வீச்சில் மறுபடி விழுந்தான். எழுந்து நின்றவனின் கண்ணைப் பார்த்துவிட்டு நடுவர் சண்டையை நிறுத்தினார்.

நேர்மையாகச் சொல்வதென்றால், பிரகாஷ் எழுந்திருக்க முடியாமல் தோற்கவில்லை. எழுந்து எதற்கு நிற்க வேண்டும் என்று தெரியாமல் தோற்றான்.

"அறுபத்துநான்கு கிலோ, வெற்றி பெற்றவர் வீராம்பட்டினம் அரிகிருஷ்ணன்" என்று கலியபெருமாள் மைக்கில் சொன்னபோது அவர் குரலே அவருக்கு நம்பிக்கையாக இல்லை. ஜில்பேர் எழுந்து நின்று கை தட்டினார். மேடையோரம் வந்து பிரகாஷிடம், "யாருடா இவன்? சர்வீஸே இல்லாம என்னா அடி! எங்க நாட்டுல பொறந்திருந்தா பெரிய ஆளா ஆயிருப்பான்" என்றார். எட்டு வருடமாகத் தனக்குச் சொல்லப்பட்டது இன்னொருவனுக்குப் போய்விட்டதை பிரகாஷ் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டான். ஆபீஸ் அறையில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள் போல, பெரிய ஆரவாரம் எழுந்தது.

அரிகிருஷ்ணன் மெடலையும் துண்டு முடிச்சையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலி வீங்கிய முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை. வெந்நீர் வைத்துத் துணியை நனைத்து ஒத்தினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முடிஞ்சுபோச்சு" என்றான். "சரி, சாப்புடு" என்றாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவன் வீராம்பட்டினம் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. கடற்கரை முழுக்கத் தலை. தேருக்கு முன்னால் ஆளாளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுக் கோயில் வாசலுக்குப் போனபோது அரிகிருஷ்ணனைப் பார்த்தான். தலை மொட்டை. தாடி எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "முன்னயே போச்சு" என்று மட்டும் சொன்னான். தேன்மொழி புதுப் பாவாடை கட்டி, கழுத்தில் அந்த மெடலை மாட்டிக்கொண்டு அங்கும் இங்கும் காட்டிக்கொண்டிருந்தது.

"அத கழட்டும்மா" என்றான் அரிகிருஷ்ணன்.

"எனக்குத்தாம்பா வேணும்."

"அது அம்மனுக்கு. அப்பா வாக்கு தவறிட்டேன் இல்ல, அதுக்குத் தண்டம்."

பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு கழற்றிக் கொடுத்தது. அவன் முதலில் துண்டு முடிச்சை உண்டியலுக்குப் பக்கத்தில் அண்டாவில் போட்டான். பிறகு மெடலை உண்டியல் வாயில் நுழைத்தான். நாடா மாட்டிக்கொண்டது. விரலால் தள்ளித் தள்ளி உள்ளே இறக்கினான். சில்லறை மேல் அது விழுந்த சத்தம் பிரகாஷுக்குக் கேட்டது. எட்டு வருடம் தனக்கென்று இருந்த பட்டம் அது.

திரும்பியபோது அரிகிருஷ்ணன் அவனைப் பார்த்துவிட்டான்.

"மச்சான், நான் அன்னைக்கிச் சொன்னது…" என்று ஆரம்பித்தான் பிரகாஷ். "வாய் தவறி வந்துடுச்சு."

"நீ சொன்னது நெசந்தான். நீதான் தூக்கியாந்த. அதுக்குத்தான் நான் வாயத் தொறக்காம குந்தினேன்." அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. "ஆனா இனிமே அத என்கிட்ட சொல்லாத பிரகாசு. நீ பண்ணதுக்கு நான் பண்ணிட்டேன். தீந்துபோச்சு. ஞாயித்துக்கெழமைல ஓட வரதுன்னா வா. என் ஊடு பக்கம் வராத."

மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் தேர் வடத்தை நோக்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டான். பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டியது. அதற்கு ஒன்றும் தெரியாது. பிரகாஷ் கையைத் தூக்கி ஆட்டினான். தேர் நகரும்வரை அங்கேயே நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் காலை கடற்கரைப் பக்கத்து விடுதிக்கு இரண்டு சிலிண்டர் போட வேண்டியிருந்தது. படியிறங்கி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், புதிதாக வந்தவர், நல்ல உயரம், கறுப்பான அகன்ற தோள், இவனைப் பார்த்துச் சிரித்து குட்மார்னிங் சொன்னார். பிரகாஷும் குட்மார்னிங் சொன்னான். காலி சிலிண்டரை உருட்டி வண்டியில் ஏற்றிக் கட்டினான். எந்த நாடு என்று கேட்கவில்லை.